படித்துப் பார்க்க ஒருவர்

ஜொகூரின் கெலாங் பாத்தாவில் விடியற்காலை நாலரைக்கே மோட்டார் சத்தம் தொடங்கிவிடும். இரண்டாம் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். 1998 ஜனவரியில் அந்தப் பாலம் திறந்ததிலிருந்து இந்த ஊரின் பொழுது அதை ஒட்டித்தான் விடிகிறது. சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் கிடைக்கும்போது யாரும் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தலைக்கவசத்துக்குள் இருக்கும் அந்த முகங்களில் பட்டதாரிகள் நிறையப் பேர். பொறியியல் படித்தவர்கள், உயிரியல் படித்தவர்கள், கணக்கியல் படித்தவர்கள். அவர்களில் சிலருக்கு மேலே படிக்க ஆசை உண்டு. முதுகலை செய்ய வேண்டும், முடிந்தால் முனைவர் பட்டமும். அந்த ஆசை அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் வீட்டுப் பேச்சிலிருந்தே விலகிப் போவதைப் பல காலமாகப் பார்த்துவருகிறேன். அது ஏன் விலகுகிறது, விலகாமல் வைத்துக்கொள்ள என்ன செய்யலாம் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதிவைக்க நினைக்கிறேன்.

பல்கலைக்கழகம் நமக்குத் தொலைவில் இருப்பதாகச் சொல்ல முடியாது. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் எழுந்த இஸ்கண்டார் புத்ரியின் எடுசிட்டிக்கு 2011இல் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகமும், 2012இல் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தின் வளாகமும் வந்தன. பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரின் மேற்கில், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். நம் பாட்டன்மார் பால்மரம் வெட்டிய நிலத்துக்குப் பக்கத்திலேயே பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் வந்து நிற்கின்றன. ஆனால் அங்கே ஆய்வு செய்கிறவர்களில் இந்த வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளை நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஊக்கம் போதவில்லை என்று மேடைகளில் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. நாலு மணிக்கு எழுந்து, எல்லை தாண்டி, பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்து, திரும்பவும் குடிநுழைவு வரிசையில் நின்று வீடு சேரும் ஒருவரிடம் ஊக்கத்தைப் பற்றி யார் பாடம் நடத்த முடியும்? குறைவது வேறொன்று. அவர்கள் எழுதியதை எடுத்து உட்கார்ந்து படிக்க யாரும் இல்லை. விரிவுரையாளர் வீட்டுப் பிள்ளை முதுகலைக்கு விண்ணப்பித்தால், நோக்க அறிக்கையின் முதல் வரைவைச் சாப்பாட்டு மேசையில் அப்பா படிப்பார், இரண்டாம் வரைவைச் சித்தப்பா படிப்பார். எந்தப் பேராசிரியரிடம் ஆய்வு மானியம் இருக்கிறது என்பது அந்த வீட்டில் சாதாரணப் பேச்சு. நம் பிள்ளை நடு இரவில் கைப்பேசியில் தானாகத் தட்டி, தானாகப் படித்து, தானாக அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. பதில் வராதபோது தன்னையே குறை சொல்லிக்கொள்கிறது.

இராமானுஜன் கதையை மேதைமையின் கதையாகவே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அதை ஒரு விண்ணப்பக் கோப்பாக ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படி என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வேன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உபகாரச் சம்பளம் ஆங்கிலத்தில் தேறாததால் பறிபோனது. சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. ஆகப் பட்டம் இல்லை. 1910இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரைப் பார்க்கப் போனது எழுத்தர் வேலை கேட்டு. கையில் இருந்தது கணக்கு நோட்டு. இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அந்த ஐயர். நோட்டைப் புரட்டியவருக்கு, இவரை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைக்க மனம் வரவில்லை. சென்னையிலிருந்த கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். அங்கே சேஷு ஐயர் பார்த்தார். பிறகு நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ் பார்த்தார். மாதச் செலவுக்குப் பணமும் கொடுத்தார். 1911இல் கழகத்தின் இதழில் முதல் கட்டுரை வெளியானது. 1912 மார்ச்சில் மதராஸ் துறைமுகக் கணக்குப் பிரிவில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை. நம் ஊர் வழக்கில் சொன்னால் கிராணி வேலை. அந்த விண்ணப்பத்தோடு கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய பரிந்துரை இருந்தது. சேர்ந்த இடத்திலும் மேலதிகாரி நாராயண ஐயர் கணிதக்காரர். இரவில் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இந்த எழுத்தர்மேல் அக்கறை கொண்டதும் அவர் வழியாகத்தான்.

அதே 1912இல், சென்னைப் பொறியியல் கல்லூரியின் கிரிஃபித் இவருடைய வேலையை லண்டனில் இருந்த தம் பேராசிரியர் ஹில்லுக்கு அனுப்பினார். ஹில் கொண்டாடவில்லை. விரி தொடர்களில் இன்னின்ன இடத்தில் சறுக்கியிருக்கிறார் என்று எழுதி, முடிவிலாத் தொடர் பற்றிப் பிராம்விச் எழுதிய நூலைப் படிக்கச் சொன்னார். பலரும் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போவார்கள். எனக்கு இதுதான் கோப்பிலேயே முக்கியமான தாளாகத் தெரிகிறது. ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால் படித்திருக்கிறார். எங்கே பிழை என்று தொட்டுக் காட்டியிருக்கிறார். அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

பிறகுதான் 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்ட கடிதம் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குப் போகிறது. கேம்பிரிட்ஜிலேயே பேக்கருக்கும் ஹாப்சனுக்கும் எழுதியதில் பயன் கிடைக்கவில்லை. ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்தில் தாம் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் எழுத்தர், பல்கலைக்கழகக் கல்வி இல்லை, கிடைத்த ஓய்வு நேரத்தில் கணிதம் செய்கிறேன் என்று சில வரிகளில் முடித்துக்கொள்கிறார். மீதி எல்லாம் தேற்றங்கள். ஹார்டி பிப்ரவரி 8ஆம் தேதி பதில் எழுதி, நிரூபணம் கேட்கிறார். அதே மாதக் கடைசியில், சென்னை வந்திருந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் நோட்டைப் பார்த்துவிட்டு, இவருக்கு வழி செய்து கொடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதுகிறார். ஆய்வு உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இவரிடம் இளங்கலையும் இல்லை. ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலைதான் என்ற வாதம் எழுந்து, விதி வளைந்து கொடுத்தது. 1913 மே முதல் மாதம் 75 ரூபாய். மறு ஆண்டு மார்ச்சில் கப்பல் ஏறினார்.

ஹார்டியின் மேசைக்குக் கடிதம் போவதற்கு முன்பே அந்த நோட்டைப் படித்தவர்கள் ஆறு பேருக்குக் குறையாது. அவர்களில் சிலருக்கு அதில் இருந்தது முழுதாகப் புரியவுமில்லை. புரிகிறவர் யாரென்று தெரிந்திருந்தது, அவரிடம் அனுப்பினார்கள். இந்தக் கதையிலிருந்து நம் பிள்ளைகளுக்கு நான் எடுத்துச் சொல்வது இதைத்தான். மேதையாக இருக்க வேண்டும் என்று சொன்னால் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அது நியாயமும் கூட. நோட்டை எடுத்துக்கொண்டு ஆள் ஆளாகப் போய்க் காட்டலாம் என்பது யாராலும் முடிகிற காரியம்.

எங்கள் ஊரில் ஒரு பெண். பொதுப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் முடித்துவிட்டு, தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகப் பக்கம் ஓர் அலுவலகத்தில் சரக்கு ஆவணங்கள் பார்க்கிறாள். ஒரு சனிக்கிழமை மாலை மாமாக் கடையில் என் எதிரே உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினாள். "டீச்சர், இத்தனை பேருக்கு அனுப்பிட்டேன். ஒருத்தர்கூட பதில் போடல. எனக்குத் தகுதி இல்லன்னுதானே அர்த்தம்?" மின்னஞ்சலைப் படித்தேன். சிறு வயதிலிருந்தே இயற்கையை நேசிப்பவள் என்று தொடங்கி, தங்கள் புகழ்பெற்ற வழிகாட்டுதலில் பயில விரும்புகிறேன் என்று முடிந்தது. பெயரை மாற்றினால் யாருக்கும் அனுப்பலாம், யாரும் அனுப்பியிருக்கலாம். தகுதியைப் பற்றி அதில் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றுமே இல்லை.

"அதை விடும்மா. உன் கண்ணால பார்த்து, ஏன் இப்படின்னு உனக்குத் தோணின விஷயம் ஏதாவது சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் தே தாரேயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா ஞாயித்துக்கிழமை சுங்கை பூலாய்ல தூண்டில் போடப் போவாரு டீச்சர். நானும் சின்னப் பிள்ளையிலேர்ந்து போவேன். முன்னாடி பாக்காவ் மரம் தண்ணி வரைக்கும் நிக்கும். இப்ப ஒரு இடத்துல கரை இடிஞ்சு மரம் சாயுது. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்துல புதுசா கன்னு முளைச்சு வருது. ஒரே ஆறுதானே, ஏன் அப்படின்னு நெனைப்பேன்."

சுங்கை பூலாய் அலையாத்திக் காடு 9,126 ஹெக்டேர் பரப்பு. 2003இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்த ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டித்தான் துறைமுகம். ஆய்வாளர்கள் வந்து போகிற காடு. அந்தக் காட்டின் ஒரு வளைவைச் சிறு வயதிலிருந்து ஞாயிறுதோறும் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஒருத்தி, அதை விட்டுவிட்டு இயற்கையை நேசிக்கிறேன் என்று எழுதிக்கொண்டிருந்தாள். நம் அனுபவம் ஆராய்ச்சிக்கு உதவாது என்ற எண்ணம் எங்கிருந்தோ நமக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. தோட்டம், ஆறு, கம்பம், லாரி, துறைமுகம் என்று நமக்குத் தெரிந்ததெல்லாம் சாதாரணம், பல்கலைக்கழகம் கேட்பது வேறு ஏதோ என்று நினைத்துக்கொள்கிறோம்.

அன்றே அந்த மின்னஞ்சலைப் பில் தாளின் பின்பக்கத்தில் புதிதாக எழுதினோம். அவள் யார், என்ன படித்தாள் என்று ஒரு வரி. ஆற்றில் என்ன பார்த்தாள் என்று இரண்டு வரி. அந்தப் பேராசிரியரின் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் அவளுடைய கேள்வியோடு ஒட்டுகிற இடம் எது என்று ஒரு வரி. நேரில் வந்து பேசலாமா என்று ஒரு வரி. கட்டுரையைப் படிக்க அவளுக்கு இரண்டு வாரம் ஆனது. வேலை முடிந்து வந்து படிக்க வேண்டும், ஆங்கிலமும் கடினம். பிறகு இரண்டே பேருக்கு அனுப்பினாள். ஒருவரிடமிருந்து பதில் இல்லை. இன்னொருவர், இந்த வருடம் என்னிடம் இடமில்லை, மானியம் முடிகிறது என்று எழுதியிருந்தார். கீழே இன்னும் நான்கு வரி. இந்த இரண்டு கட்டுரைகளைப் படியுங்கள், கரை எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பார்த்தீர்களா, படங்கள் இருந்தால் தேதியோடு வையுங்கள்.

அவள் முகம் வாடித்தான் போனது. ஹில் எழுதிய கடிதத்தைப் பற்றி அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவள் அப்பா வன்பொருள் கடையில் பி.வி.சி. குழாய் வாங்கி, ஆளுயரத்துக்கு அறுத்து, மரக்கரையிலிருந்து உள்ளே தள்ளி வரிசையாக நட்டுக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் சிவப்புச் சாயத்தில் எண். நீர் வற்றும் நேரம் பார்த்துப் போய், கரையின் விளிம்புக்கும் குழாய்க்கும் உள்ள தூரத்தை அளந்து, பள்ளிக்கூட நோட்டில் எழுதி வருகிறார்கள் இருவரும். அந்த நோட்டை நான் பார்த்தேன். சேறு படிந்த விரல்களால் புரட்டிய தாள்கள். தேதி, நேரம், தூரம், மழையா வெயிலா, புதுக் கன்றுகள் எத்தனை என்று அப்பாவின் கையெழுத்திலும் மகளின் கையெழுத்திலும் மாறி மாறி. அடுத்த சேர்க்கைக்கு அவள் விண்ணப்பிக்கும்போது, நோக்க அறிக்கையில் தன்னைப் பற்றிப் புகழ்ந்து எழுத வேண்டிய அவசியம் இருக்காது. இப்போது அவளிடம் ஊக்கம் இருக்கிறதா என்று நான் கேட்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அளக்கப் போக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும். நம்மில் பலர் டத்தோ ஒருவரிடமோ, சட்டமன்ற உறுப்பினரிடமோ, கோயில் தலைவரிடமோ கடிதம் வாங்க அலைகிறார்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் அந்தக் கடிதம் எதற்கும் உதவாது. தேர்வுக் குழு தேடுவது, உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் என்ன சொல்கிறார் என்பதை. மூன்றாம் ஆண்டு ஆய்வேட்டை மேற்பார்த்த இளம் விரிவுரையாளர், "இவளுடைய தரவில் ஒரு பிழை இருந்தது, அவளே கண்டுபிடித்து என்னிடம் வந்து சொன்னாள், இரண்டு வாரம் திரும்பச் செய்தாள்" என்று எழுதினால் அது பத்துப் பட்டங்கள் பெற்றவர் எழுதும் பொதுப் புகழ்ச்சியைவிடக் கனமானது. அப்படி அவர் எழுத வேண்டுமானால் அவருக்கு உங்களை நினைவிருக்க வேண்டும். பட்டமளிப்பு முடிந்த கையோடு தொடர்பை அறுத்துக்கொண்டு, நான்கு வருடம் கழித்து, நாளை மறுநாள் கடைசி நாள், ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டால் யாரால் என்ன எழுத முடியும்? தீபாவளி வாழ்த்து அனுப்பும்போது நான் இப்போது இன்னது படித்துக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு வரி சேர்த்து அனுப்புங்கள். கடிதம் கேட்கும்போது குறைந்தது ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். உங்கள் பழைய ஆய்வேடு, மதிப்பெண் பட்டியல், நோக்க அறிக்கையின் வரைவு மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். வேலையிடத்து மேலாளர் கொடுக்கும் கடிதமும் நல்லதுதான், நீங்கள் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்தை அவர் விவரித்தால்.

புள்ளி குறைந்துவிட்டது என்று கதவை மூடிக்கொள்கிறவர்கள் அதிகம். நம் நாட்டில் மலேசியத் தகுதி முகமையின் பொது நெறி, முதுகலைக்கு 2.50 சி.ஜி.பி.ஏ. அதற்குக் கீழே இருந்தாலும் தொடர்புள்ள துறையில் ஐந்தாண்டு வேலை அனுபவம் இருந்தால் கருத்தில் கொள்ள வழி இருக்கிறது. பட்டமே இல்லாதவர்களுக்கும் அப்பெல் என்ற ஏற்பாடு உண்டு. முப்பது வயது தாண்டி, எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா அளவில் தகுதியும் துறை அனுபவமும் இருந்தால், அந்த அனுபவத்தைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, தேர்வு எழுதி, முதுகலைக்கு நுழையலாம். பல பல்கலைக்கழகங்கள், அதிலும் ஆய்வுவழிப் படிப்புகளில், தம் வரம்பை இன்னும் உயர்த்தியே வைத்திருக்கின்றன. எனவே ஒவ்வோர் இடத்தின் விதியையும் தனித்தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும். துவாஸுக்குப் போய்வந்த ஆறு வருடம் வீணாகிவிட்டது என்று வருந்துகிறவர்களிடம் நான் இந்த விதிகளைத்தான் காட்டுவேன். அந்த வருடங்களைச் சரியாக எழுதிக் காட்டினால் அவையும் தகுதிதான். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உபகாரச் சம்பளத்துக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் நிபந்தனையாகவே இருக்கிறது. படிப்பு முடித்தவுடன் விண்ணப்பித்தால் அங்கே இடமில்லை.

வேலை பார்த்துக்கொண்டே மேலே போனவர்களுக்கு நம் மொழியிலேயே பெரிய முன்னோடி உண்டு. மு. வரதராசன் என்ற பெயர் நம் அப்பாக்கள் தலைமுறைக்குத் தோட்டத்து நூலகத்திலேயே அறிமுகம். அகல் விளக்கும் கரித்துண்டும் கைமாறிக் கைமாறிக் கிழிந்த பிரதிகளாக இருந்த வீடுகள் எனக்குத் தெரியும். அவர் திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தவர். உடல்நலம் கெட்டு அந்த வேலையை விட்டார். தாமாகப் படித்து 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தார். உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே 1939இல் பி.ஓ.எல். முடித்தார். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே 1944இல் தமிழ் வினைச்சொற்களைப் பற்றிய ஆய்வுக்காக எம்.ஓ.எல்., 1948இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முதல் முனைவர் அவர். வித்துவானிலிருந்து முனைவர் வரை 13 வருடம். முதல் வருடத்திலேயே கடைசிப் படியைப் பார்த்து மலைத்திருந்தால் அவரும் நின்றிருப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த ஒரு தேர்வு, அடுத்த ஓர் ஆய்வேடு என்றுதான் அந்த வாழ்க்கை போயிருக்கிறது. முதுகலைக்கே விண்ணப்பிக்காதவர்கள், முனைவர் பட்டம் முடிக்க எனக்கு எத்தனை வயதாகும் என்று கணக்குப் போடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மு.வ.வின் இந்த ஆண்டுகள் நினைவுக்கு வரும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. பி.டி.பி.டி.என். கல்விக் கடனே கழுத்தில் இருக்கும்போது மறுபடியும் கடன் வாங்கிப் படி என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆய்வுவழி முதுகலையோ முனைவர் படிப்போ செய்கிறவர்கள், மேற்பார்வையாளரின் மானியத்திலிருந்து மாதத் தொகை பெறும் ஆய்வு உதவியாளராகச் சேர முடியும். அடிப்படை ஆய்வு மானியத் திட்டம் போன்றவற்றில் பணம் கிடைத்திருக்கும் பேராசிரியர்களுக்கு மாணவர் தேவை. ஆகவே யாரிடம் படிப்பது என்று தேடும்போதே, யாரிடம் இப்போது மானியம் இருக்கிறது என்பதையும் கேட்டு அறிவது தவறில்லை. மரியாதையாகக் கேட்டால் அவர்களே சொல்வார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு உபகாரச் சம்பளம் கட்டணத்தையும் மாதச் செலவையும் சேர்த்தே தருவது. போட்டி கடுமை. அமெரிக்காவில் அறிவியல் முனைவர் படிப்புகள் பெரும்பாலும் மாணவருக்கு ஊதியம் தருகிறவை. பல துறைகளின் கடைசி நாள் டிசம்பரிலேயே வந்துவிடும். நிதியுதவியோடு இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15க்குள் முடிவைச் சொல்வது அங்கே பரவலான வழக்கம். முதலில் வந்த இடத்தை உடனே ஒப்புக்கொள்ளச் சொல்லி யாராவது நெருக்கினால் இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டினால் இடம் உறுதி என்று அழைக்கும் முகவர்களை விட்டு விலகியே இருங்கள்.

இடம் மறுக்கப்படுவதற்கான காரணங்களில் பல விண்ணப்பித்தவரோடு தொடர்பில்லாதவை. பேராசிரியர் விடுப்பில் போகிறார், மானியம் முடிகிறது, அந்த ஆண்டு இரண்டே இடம், அதில் ஒன்று ஏற்கெனவே உள்ளே இருக்கும் மாணவருக்கு. மறுப்புக் கடிதத்தில் இவை எதுவும் எழுதப்படுவதில்லை. அதனால் படிக்கிறவர் அதைத் தன் அறிவின்மேல் வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார். அந்த நேரத்தில் வீட்டிலும் பேச்சு எழும். உன் வயதில் உன் அத்தை மகளுக்கு இரண்டு பிள்ளை, சிங்கப்பூரில் நல்ல வேலை இருக்கும்போது இது எதற்கு, படித்தது போதாதா என்று. பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதல். அம்மாக்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆய்வு என்றால் என்ன, அதில் சம்பளம் உண்டா, முடித்தால் என்ன வேலை என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கியதில்லை. விளக்கிய வீடுகளில் நிலைமை மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பி.வி.சி. குழாய் நட்டுக் கொடுத்த அந்த அப்பாவிடம் இப்போது யாராவது மகளுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டால், கரை அளக்கிற வேலை இருக்கிறது என்று அவரே பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார்.

இதில் சமூகத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசில் எழுதி எழுதிப் போராடியவர் கோ. சாரங்கபாணி. போராடியதோடு நிற்காமல், துறைக்குத் தமிழ் நூலகம் அமைக்க 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். பள்ளிப்படிப்பே முழுதாகக் கிடைக்காத சாதாரணத் தொழிலாளர்களின் வெள்ளியும் அதில் சேர்ந்தது. தாங்கள் ஒருநாளும் உள்ளே போகப் போவதில்லை என்று தெரிந்த ஒரு நூலகத்துக்கு அவர்கள் கொடுத்தார்கள். அந்தத் துறைக்குப் பின்னாளில் தனிநாயகம் அடிகள் தலைவராக வந்தார். 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. நம்மிடம் காசு குறைவாக இருந்த காலத்தில் ஆராய்ச்சி என்ற ஒன்றைப் பற்றி நமக்கு இவ்வளவு அக்கறை இருந்திருக்கிறது. இன்று எஸ்.பி.எம்.மில் ஏ வாங்கியவர்களுக்கு மேடையில் சால்வை போடுகிறோம், பட்டம் வாங்கினால் படம் போடுகிறோம். அத்தோடு நம் அக்கறை நின்றுவிடுகிறது. அந்தச் சால்வைச் செலவில் ஒரு பகுதியை விண்ணப்பக் கட்டணத்துக்கும் ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்துக்கும் ஒதுக்கினால் எத்தனையோ பேருக்கு முதல் படி எளிதாகும். ஒவ்வோர் ஊரிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆராய்ச்சி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. திருக்கோவிலூர் ஐயரைப் போல, படித்துப் பார்த்துவிட்டு, இதை யாரிடம் அனுப்ப வேண்டும் என்று விசாரித்துச் சொன்னாலே பெரிய உதவி.

எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து சனிக்கிழமை மாலைகளில் அதே மாமாக் கடையின் பின்வரிசை மேசைகளில் உட்காருகிறோம். துறைமுகப் பெண் வருகிறாள். ஸ்கூடாயில் முனைவர் ஆய்வு செய்யும் ஒரு தம்பி மாதம் ஒருமுறை வருகிறார். துவாஸில் வேலை பார்க்கும் இருவர், இரவு வேலை இல்லாத வாரங்களில். ஒருவர் எழுதியதை இன்னொருவர் உரக்கப் படிக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. உரக்கப் படித்தால் எந்த வரி வெறும் அலங்காரம், எந்த வரியில் விஷயம் இருக்கிறது என்பது எழுதியவருக்கே தெரிந்துவிடும். மறுப்புக் கடிதம் வந்தவர்கள் அதையும் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்கள். அதில் அடுத்து என்ன செய்யச் சொல்லியிருக்கிறது என்று எல்லாருமாகத் தேடிப் பார்க்கிறோம். சில கடிதங்களில் ஒன்றும் இருப்பதில்லை. அப்போது அடுத்த பேராசிரியரின் பெயரைத் தேடத் தொடங்குகிறோம். மடிக்கணினி இல்லாதவர்கள் கையால் எழுதிக் கொண்டுவரலாம். தமிழில் எழுதிக் கொண்டுவந்தாலும் சரி, ஆங்கிலத்தில் ஆக்குவதை அங்கேயே சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். ஆறு மணியிலிருந்து கடை மூடும் வரை இருப்போம்.